அறிவு பிறந்தது அரண்மனையிலா?

அறிவு எங்கே பிறக்கிறது? அரசனின் அலுவல் மண்டபத்திலா, அல்லற்படும் மக்களின் நடுவிலா? ஆள்வோர் மனமிரங்கி வழங்கிய கொடையா அது? ஆள்வோரையே தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்ட துணிவு பெற்றெடுத்த பிள்ளையா?

சீன நாட்டின் பழம்பெரும் தத்துவப் பள்ளிகளைக் குறித்து இந்த வினாவை எழுப்பினார் ஓர் இளைஞர். ஆண்டு 1917. அவருக்கு அப்போது வயது 25. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக ஏட்டிலே வீற்றிருந்த ஒரு விடை. அறிஞர் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாகத் தலைவணங்கி ஏற்ற விடை. இளைஞர் அதனை வணங்கவில்லை. வழக்காடு மன்றத்திலே நிறுத்தினார். “சான்று உண்டா?” என்று கேட்டார். அவர்தான் ஹூ ஷீ.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?’ என்று கேட்டு ஒதுங்கும் தோழர்கள் உண்டு. உதவும் தோழர்களே! வரலாற்றை எவர் எழுதுகிறார், எதற்காக எழுதுகிறார், எழுதியதை எவ்வாறு சோதிப்பது என்பதைக் கற்றுத்தரும் கதை இது. அதனால்தான் சீனத்தின் கதையை இங்கே விரித்துரைக்க முனைகிறேன்.

கத்தியும் கூர்மையும்

1891 டிசம்பர் 17-ஆம் நாள் ஷாங்காய் நகரிலே பிறந்தவர் ஹூ ஷீ. குடும்பத்தின் ஊர் ஆன்வெய் மாநிலத்து ஜீஷி. அரசு அலுவலரான தந்தை 1895-இல் மறைந்தார். 23 வயதிலேயே கைம்பெண்ணான தாய், மகனை வளர்த்து ஆளாக்கினார். வீட்டுப் பெண்டிர் பக்தியிலே ஊறியவர்கள். நரகத்திலே பாவிகள் படும் பாட்டைத் தீட்டிக் காட்டும் படங்களும் கதைகளும் அந்தப் பிஞ்சு நெஞ்சை நடுங்க வைத்தன.

11 வயதிலே ஒரு பழைய வரலாற்று நூலைப் புரட்டுகிறான் சிறுவன். கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஃபான் சென் என்ற நாத்திகனின் வாதம் சில வரிகளில் அங்கே தரப்பட்டிருக்கிறது. கத்திக்குக் கூர்மை எப்படியோ, உடலுக்கு ஆவி அப்படி. கத்தியே இல்லாத இடத்தில் கூர்மை மட்டும் தனியே நிற்குமா என்பது அந்த வாதத்தின் சாரம். படித்தான் சிறுவன். பயம் பறந்தது! நரகம் நகைப்புக்குரியதாயிற்று. 1,400 ஆண்டுகட்கு முன் ஒருவன் துணிந்து எழுதிய சில வரிகள், அவனை அறியாத ஒரு சிற்றூரிலே, அவனை அறியாத ஒரு சிறுவனின் விலங்கை உடைத்தன. எழுத்தின் வலிமை இதுவன்றோ!

1905-இல் பழைய அரசுத் தேர்வு முறை ஒழிக்கப்பட்டது. கன்பூசிய ஏடுகளை மனப்பாடம் செய்தால் பதவி என்ற பாதை அடைபட்டது. 1910-இல் ஹூ ஷீ அமெரிக்கா சென்றார். கார்னெல் பல்கலைக் கழகத்தில் உழவுக் கல்வியில் சேர்ந்து, பின்னர்த் தத்துவத்துக்கு மாறினார். 1915-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக் கழகம் புகுந்து ஜான் டூயியின் மாணவரானார். அதே கொலம்பியாவில் 1913 முதல் 1916 வரை பயின்று, அதே டூயியிடம் பாடம் கேட்டவர் டாக்டர் அம்பேத்கர் என்பதை நம் தோழர்கள் நினைவிற் கொள்ளலாம். கருத்து என்பது தொழுதற்குரிய பொருளன்று, சிக்கலைத் தீர்க்கும் கருவி. கருவி வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார் என்பதே டூயி புகட்டிய பாடம்.

அந்தப் பாடத்தைப் பண்டைச் சீனத்தின் மீது செலுத்திப் பார்த்தார் மாணவர். பழஞ்சீனத்தில் தருக்க முறை வளர்ந்த வகை பற்றிய ஆய்வுரையை எழுதி முடித்தார். 1917-இல் தாயகம் திரும்பிப் பீக்கிங் பல்கலைக் கழகத்தின் பேராசிரியரானார்.

வெட்டி எறிந்த பேராசிரியர்

அந்தப் பல்கலைக் கழகத்தில் அதுவரை தத்துவ வரலாறு எவ்வாறு கற்பிக்கப்பட்டது தெரியுமா? முந்தைய ஆசிரியர், ஃபூஷி என்னும் புராண மன்னனிலிருந்து தொடங்கினார். ஓர் ஆண்டு முழுதும் பேசினார். ஆண்டு முடிந்தபோது ஷாங் அரசு வீழ்ந்த காலத்துக்கே வந்து சேர்ந்திருந்தார்! கன்பூசியஸ் பிறப்பதற்கு இன்னும் 500 ஆண்டுகள் இருந்தன.

புதிய பேராசிரியர் வந்தார். மூன்று பேரரசர், ஐந்து மாமன்னர் என்ற புராணப் பரிவாரம் முழுவதையும் வாயிலுக்கு வெளியே நிறுத்தினார். கி.மு. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த சௌ மன்னன் ஷுவான் காலத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார். அதற்கு முன்? நம்பத்தகுந்த ஏடு கிடைக்கட்டும், பேசுவோம் என்றார்.

வகுப்பிலே இருந்த கூ ஜியேகாங் என்ற மாணவர், பின்னாளில் 1926-இல், அந்த அதிர்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். மாணவர் பலர் வாயடைத்துப் போயினர். ‘அமெரிக்கா போய் வந்த ஆள், பழமையைப் படிக்காத ஆள்’ என்று முணுமுணுத்தனர். கூ ஜியேகாங் மட்டும், பழைய நூல்களில் துறைபோன தம் நண்பர் ஃபூ ஸ்னியனை அழைத்து வந்து கேட்கச் செய்தார். கேட்ட நண்பர், இவர் படித்த ஏடுகள் அதிகமில்லை என்றாலும் நடக்கும் பாதை சரியானதே என்று தீர்ப்பளித்தார்.

அந்த ஒரு வெட்டு என்ன விளைத்தது பாருங்கள். 1923-இல் அதே கூ ஜியேகாங் ஓர் உண்மையை உலகுக்கு எடுத்துரைத்தார். சௌ காலத்துத் தொடக்க ஏடுகளில் மிகப் பழைய மன்னன் யூ. கன்பூசியஸ் காலத்தில், அவனுக்கும் முற்பட்டவர்களாக யாவோவும் ஷுன்னும் வந்து சேர்ந்தனர். அதற்கும் பின்னர், அவர்களுக்கு முன்னே மஞ்சள் பேரரசனும் ஷென்னுங்கும் வந்தனர். சின் காலத்தில் இன்னும் முன்னே மூன்று பேரரசர். ஹான் காலத்துக்குப்பின் எல்லோருக்கும் முன்னே, உலகைப் பிளந்து படைத்த பான்கூ! யார் கடைசியாகப் பிறந்தாரோ அவர் முதலாவதாகச் சென்று அமர்ந்தார். காலம் முன்னே செல்லச் செல்லக் கதை பின்னே நீண்டது! வரலாற்றுப் பாடம் நடத்துவோர் ஒவ்வொருவரும் மேசைமீது எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய உண்மை இது.

1919 பிப்ரவரியில் ஹூ ஷீயின் ‘சீனத் தத்துவ வரலாற்றுச் சுருக்கம்’ முதற்பகுதி ஷாங்காயில் வெளிவந்தது. பண்டிதர் மட்டும் படிக்கும் பழைய நடையில் அன்று. மக்கள் பேசும் மொழியில், புதிய நிறுத்தற் குறிகளுடன் அச்சாயிற்று. பல்கலைக் கழகத் தலைவர் சாய் யுவான்பெய் முன்னுரை வழங்கினார். கன்பூசியசைப் பீடத்தில் ஏற்றாமல், மற்றவரைக் காலடியில் தள்ளாமல், எல்லாச் சிந்தனையாளரையும் சமமாக நிறுத்தி எடை போட்டதை அந்த முன்னுரை போற்றிற்று. புனித நூலின் ஆசிரியனும் பிற நூலின் ஆசிரியனும் ஒரே வரிசையில்! அதுவே அன்று ஒரு புரட்சி.

பத்துப் பள்ளிகள், பத்து அலுவலகங்கள்

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்தப் பழைய விடைக்கு வருவோம்.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டு முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை சீனத்திலே சிந்தனை செழித்த காலம். கன்பூசியஸ், மோட்சு, மென்சியஸ், சுவாங்ட்சு, ஷூன்ட்சு, ஹான் ஃபெய் என்று எத்தனை பெயர்கள், எத்தனை வாதங்கள்! இவர்கள் உயிரோடிருந்தபோது பள்ளிகளின் பட்டியல் எதுவும் இல்லை. கி.மு. 110-இல் மறைந்த அரசவை வரலாற்றாளர் சீமா தான்தான், இவர்களை ஆறு வகையாகப் பிரித்துப் பெயரிட்டார். அவருக்கும் நூறாண்டு கழித்து, அரசனின் நூலகத்தை ஒழுங்குபடுத்திய லியூ ஷின், ஆறைப் பத்தாக்கினார். கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கூ எழுதிய ஹான் வரலாறு அதனை ஏற்று நிலைநிறுத்திற்று.

பிரித்ததோடு நின்றார்களா? இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பிறப்பிடம் கற்பித்தார்கள். கன்பூசியத்தார் வந்தது மக்கட்கு நெறி புகட்டும் அமைச்சரின் அலுவலகத்திலிருந்தாம். தாவோ நெறியினர் அரசாங்க வரலாற்றாளரிடமிருந்தாம். சட்டநெறியினர் நீதி அதிகாரிகளிடமிருந்தாம். பெயராய்வோர் சடங்குத் துறையிலிருந்தாம். விண்ணும் மண்ணும் பேசியோர் வான்கணியரிடமிருந்தாம். மோட்சுவின் வழியினர் கோயிற் காவலரிடமிருந்தாம். உழவு நெறியினருக்கு உழவு அதிகாரி. தூது பேசியோருக்குத் தூதுத்துறை. தெருக்கதை சொன்னோருக்கும் ஒரு சிற்றதிகாரி!

பொருள் விளங்குகிறதல்லவா? பழம்பெரும் சௌ அரசின் அலுவலகங்களே அறிவின் ஊற்று. ஊற்று உடைந்து சிதறியபோது தெறித்த துளிகளே இந்தச் சிந்தனையாளர்கள். ஆசான் என்பவன் வேலையிழந்த அதிகாரியின் வாரிசு! நூலகத்திலே நூலை அடுக்கியவர், அந்த அடுக்குக்கே ஒரு வரலாறும் எழுதிவிட்டார்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தக் கொள்கைக்கு ஆதரவாளர் இருந்தனர். அவர்களுள் தலையாயவர் சாங் தைய்யன். மஞ்சு ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற புரட்சியாளர் அவர். அரசியலிலே அரியணையை எதிர்த்தவர், வரலாற்றிலே அரியணைக்கு வழிவிட்டார். இத்தகைய முரண்பாடு சீனத்துக்கு மட்டும் உரியதன்று.

சான்று எங்கே?

ஹூ ஷீ தொடுத்த வாதங்களைப் பாருங்கள்.

முதலாவது, லியூ ஷின்னுக்கு முற்பட்டோர் எவரும் இந்தக் கதையைச் சொல்லவில்லை. சுவாங்ட்சு நூலின் இறுதி இயல் பல சிந்தனையாளர்களை மதிப்பிடுகிறது. ஷூன்ட்சு பன்னிருவரைக் கண்டித்து எழுதினார். சீமா தான் ஆறு பள்ளிகளைத் திறனாய்ந்தார். ஒருவர் வாயிலும் ‘அலுவலகம்’ என்ற சொல் இல்லை. நிகழ்ச்சிக்கு அருகில் நின்றவர்கள் அறியாததை, நெடுந்தொலைவில் நின்றவர் எப்படி அறிந்தார்?

இரண்டாவது, பழைய நூல் ஒன்று இதற்கு மாறான விளக்கத்தையே தருகிறது. கி.மு. 139-இல் பேரரசன் வூவிடம் அளிக்கப்பட்ட ‘ஹுவாய்நான்ட்சு’ என்னும் நூல் அது. காலத்தின் கேட்டைப் போக்கவே சிந்தனையாளர் ஒவ்வொருவரும் தோன்றினர் என்று அந்நூல் கூறுகிறது. இத்தனைக்கும் அந்நூல் தொகுக்கப்பட்டதே ஒரு சிற்றரசனின் அவையில்தான்!

மூன்றாவது, பொருத்தமின்மை. மோட்சு யார்? ஆடம்பரச் சாவுச் சடங்கை எதிர்த்தவர். மூன்றாண்டுத் துக்கம் காத்தல் வீண் என்றவர். எல்லாம் விதிப்படி என்ற பேச்சை வெறுத்தவர். பிறர் நாட்டின்மீது படையெடுப்பது கொள்ளை என்று முழங்கியவர். இந்த மனிதரைக் கோயிற் காவலரின் அலுவலகம் பெற்றெடுத்ததாம்! வேப்ப மரத்திலே மாம்பழம் பறித்த கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நான்காவது, வகுப்பே தவறு. ‘பெயராய்வோர்’ என்று தனிப்பள்ளி ஏது? சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைக் கன்பூசியசும் ஆய்ந்தார், மோட்சு வழியினரும் ஆய்ந்தனர், ஷூன்ட்சுவும் ஆய்ந்தார். தருக்கம் எல்லோர்க்கும் பொதுக் கருவி. பொதுக் கருவியை ஒரு வீட்டின் தனிச்சொத்தாக எழுதி வைத்தது நூலகரின் வசதிக்காக.

இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல் இன்னொன்றும் சொன்னார். இந்தச் சிந்தனையாளர்கள் அந்த அலுவலகங்களின் காலத்தில் வாழ்ந்திருந்தால், அலுவலகங்கள் அவர்களை வளர்த்திரா, ஒழித்திருக்கும்! ஐரோப்பாவில் கல்வியைக் கையில் வைத்திருந்த மதபீடம், புதிய சிந்தனை முளைத்தபோது என்ன செய்தது? புருனோவை 1600-இல் உயிரோடு கொளுத்தியது. அந்த நெருப்பைச் சுட்டிக்காட்டித்தான் ஹூ ஷீ தம் வாதத்தை விளக்கினார்.

நெருப்புக்கு ஐரோப்பா வரை போக வேண்டுமா? கி.மு. 213-இல் சின் பேரரசின் அமைச்சன் லி ஸ தந்த யோசனையின் பேரில் சீனத்திலேயே ஏடுகள் எரிந்தன. மருத்துவம், குறி, மரம் வளர்ப்பு பற்றிய நூல்களுக்கு விலக்கு உண்டு. அரசவை அறிஞரிடம் இருந்த படிகளுக்கும் விலக்கு உண்டு. மக்கள் கையில் இருந்தவைதாம் நெருப்புக்கு. கற்க விரும்புவோர் அதிகாரிகளையே ஆசிரியராகக் கொள்ள வேண்டும் என்பதும் அந்த யோசனையின் ஒரு பகுதி. இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘இனி அதிகாரியிடமே கற்றுக்கொள்’ என்பது சின் அரசின் ஆணை. ‘அன்றும் அதிகாரியிடமிருந்தே அறிவு வந்தது’ என்பது ஹான் நூலகரின் வரலாறு. ஆணைக்கும் வரலாற்றுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். ஆனால் இரண்டின் முகமும் ஒன்றாகவே இருக்கிறது!

நோய் கண்டவர் தேடிய மருந்து

அப்படியானால் சிந்தனை எங்கிருந்து வந்தது? ஹூ ஷீ மக்களைக் காட்டினார். சௌ அரசின் கட்டுக்கோப்பு தளர்ந்தது. போர் ஓயவில்லை. பிரபுக்கள் வீழ்ந்தனர்; எளியோர் மேலும் எளியராயினர். பழைய சீனப் பாடல் தொகுப்பிலே கேட்கும் குரல்களையே அவர் காலத்தின் சாட்சிகளாக அழைத்தார். நாட்டை எண்ணிக் கவலையுற்றோர், வாழ்வை வெறுத்தோர், விதியென்று ஆறியோர், இன்பத்தில் மூழ்கி மறக்க முயன்றோர், கொதித்தெழுந்தோர் என்று ஐவகைக் குரலை அங்கே கண்டார். முதலில் முனகல், பிறகு கேள்வி, அதன் பிறகே தத்துவம்.

ஒரே நோய்க்குப் பல மருந்து. ஆட்சியாளர் தலையிடாமல் விலகி நின்றாலே மக்கள் பிழைப்பர் என்றது லாவோட்சுவின் நெறி. பெயரும் கடமையும் பொருந்தட்டும். அரசன் அரசனாக, தந்தை தந்தையாக நடக்கட்டும் என்றார் கன்பூசியஸ். எல்லோர்மீதும் வேறுபாடற்ற அன்பு செலுத்தினாலன்றிப் போர் ஓயாது என்றார் மோட்சு.

இவருள் ஹூ ஷீயின் உள்ளத்தைக் கவர்ந்தவர் மோட்சு. காரணம், அவர் கேட்ட ‘எதற்காக?’ என்ற கேள்வி. இசை எதற்காக என்று ஒரு கன்பூசியரை மோட்சு வினவினாராம். இசை இசைக்காகவே என்று விடை வந்ததாம். வீடு எதற்காக என்று கேட்டால், குளிரையும் வெயிலையும் தடுக்க என்று சொன்னால்தானே விடை, வீட்டுக்காகவே வீடு என்பதும் ஒரு விடையாகுமா என்று மோட்சு மடக்கினாராம். வழக்கம் வழக்கத்துக்காகவே என்பாரின் வாயை அடைக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு உண்டா?

எந்தக் கூற்றையும் சோதிக்க மூன்று அளவுகோல் வைத்தார் மோட்சு. முன்னோர் அனுபவம் என்ன காட்டுகிறது? மக்களின் கண்ணும் காதும் என்ன சொல்கின்றன? நடைமுறைக்குக் கொண்டு வந்தால் நாட்டுக்கும் மக்களுக்கும் நன்மை விளைகிறதா?

ஆனால் தோழர்களே, மோட்சுவை நம்மவராகவே கருதி மாலை சூட்டிவிட வேண்டாம். அவர் வானத்தின் விருப்பம் என்பதை நம்பினார். பேய் உண்டென்றும் சாதித்தார். எப்படி? பலர் கண்டிருக்கிறார்களே என்ற இரண்டாவது அளவுகோலைக் கொண்டுதான்! சாதாரண மனிதரின் கண்ணும் காதும் எளிதில் ஏமாறக்கூடியவை என்று இவ்விடத்திலே ஹூ ஷீ குறை காட்டத் தவறவில்லை. பிடித்தவர் என்பதற்காகப் பிழையை மறைக்கவில்லை.

மோட்சுவின் பெயர் தாங்கிய நூலில் ஆறு இயல்கள் உண்டு. நெடுங்காலம் எவர்க்கும் பொருள் விளங்காமல் கிடந்தவை. அவை மோட்சுவுக்குப் பின்வந்த தொண்டர்கள் எழுதியவை என்றார் ஹூ ஷீ. கேள்வியால் வரும் அறிவு, அனுமானத்தால் வரும் அறிவு, நேரிற் கண்ட அறிவு என்று அங்கே அறிவு மூவகையாகப் பிரிக்கப்படுகிறது. சிறு துளை வழியே செல்லும் ஒளி உருவத்தைத் தலைகீழாகக் காட்டுவது ஏன் என்றும் அங்கே ஆராயப்படுகிறது. கிறித்து பிறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன், எவரும் ஏவாமல், கைவினைஞரோடு பழகிய மனிதர் சிலர் ஒளியின் வழியை ஆய்ந்தனர்!

விளக்கு ஏன் அணைந்தது?

இத்தகைய சுடர் ஏன் தொடர்ந்து எரியவில்லை? ‘ஏடுகளை எரித்தான் கொடுங்கோலன், அதனால் அழிந்தது’ என்பது எளிய விடை. ஹூ ஷீ அந்த விடையிலும் நிறைவு கொள்ளவில்லை. எரித்த அரசு விரைவிலேயே வீழ்ந்தது. ஏடுகள் பல தப்பின. தீக்கு முன்பே உள்ளே நோய் இருந்தது என்றார். நான்கு காரணங்களைக் காட்டினார்.

ஒன்று, முற்றிப்போன ஐயவாதம். எது சரி, எது தவறு என்று எவராலும் தீர்மானிக்க இயலாது என்ற சுவாங்ட்சுவின் போக்கு. உண்மையைத் தேடுவதற்காகப் படும் ஐயம் வேறு. உண்மையே இல்லை என்று கைகட்டி அமரும் ஐயம் வேறு. முன்னது ஏர், பின்னது தரிசு.

இரண்டு, குறுகிய பயன் நோக்கு. ஆட்சிக்கு உடனே உதவாத ஆராய்ச்சி வீண் என்று ஷூன்ட்சுவும் ஹான் ஃபெய்யும் கருதினர். ஒளியின் போக்கை ஆய்ந்து அரசனுக்கு என்ன வரவு? எனவே அது கைவிடப்பட்டது.

மூன்று, ஒரே அதிகாரம், ஒரே கருத்து என்ற ஆட்சி. சின் அரசு எரித்துச் சாதிக்க முயன்றதை, ஹான் அரசு பதவி கொடுத்துச் சாதித்தது. கி.மு. 136-இல் பேரரசன் வூ ஐந்து கன்பூசிய நூல்களுக்கு மட்டும் அரசவை அறிஞரை அமர்த்தினான். தீயால் அழியாததைச் சோறு போட்டு அடக்கினான்!

நான்கு, மூடநம்பிக்கை. சாவா மருந்து தருவோம் என்று வந்த மந்திரவாதிகளிடம் மன்னாதி மன்னர்கள் மயங்கினர். சின் பேரரசன் அந்த மருந்தைத் தேடிக் கடல் கடந்தும் ஆளனுப்பினான். மருந்து வரவில்லை, பேரரசன் மாண்டான், மந்திரவாதம் மட்டும் சாகவில்லை.

இந்த நான்கிலே மூன்று, அறிவாளிகளும் மக்களும் தாமே வளர்த்துக்கொண்ட கேடுகள். பழியை முழுவதும் பகைவன் தலையில் ஏற்றாமல், தன் வீட்டு மூலையையும் பெருக்கிய ஆய்வு இது. ஹூ ஷீயிடம் நான் மிக மதிப்பது இந்த நேர்மையைத்தான்.

ஹூ ஷீயும் கூண்டிலே

பிறரைச் சோதித்தவர் தாமும் சோதனைக்குரியவர். அவர் சொன்னதெல்லாம் நின்றதா?

லாவோட்சு கன்பூசியசுக்கு மூத்தவர் என்று கொண்டு அவரிடமிருந்தே நூலைத் தொடங்கினார் ஹூ ஷீ. 1922-இல் பீக்கிங் பல்கலைக் கழகத்திலேயே லியாங் சிச்சாவ் எழுந்து, லாவோட்சு நூல் மிகப் பிற்பட்டது என்று மறுத்தார். ஃபெங் யூலான் 1931-இலும் 1934-இலும் வெளியிட்ட தத்துவ வரலாற்றிலே கன்பூசியசையே முதலில் வைத்தார். 1993-இல் குவோடியன் என்னுமிடத்தில், கி.மு. 300-ஐ ஒட்டிய ஒரு கல்லறையிலிருந்து லாவோட்சு நூலின் பகுதிகள் மூங்கிற் கீற்றுகளில் கிடைத்தன. அது மிகமிகப் பிற்பட்டது என்றோர் வாதம் தளர்ந்தது; கன்பூசியசுக்கு முற்பட்டது என்பதற்கும் சான்று கிட்டவில்லை.

‘வெள்ளைக் குதிரை குதிரையன்று’ என்று வாதிட்ட குங்சுன் லுங்கை, மோட்சுவின் பிற்காலத் தொண்டர் குழுவிலே சேர்த்தார் ஹூ ஷீ. பின்வந்த அறிஞர் அதனை ஏற்கவில்லை. 1978-இல் ஏ. சி. கிரகாம் அந்த ஆறு இயல்களையும் சொல் சொல்லாக ஆய்ந்து வெளியிட்ட நூலே இத்துறையில் பெருந்துணையாயிற்று.

ஐயமும் அளவு மீறியதுண்டு. சுன்ட்சு, சுன் பின் என்ற இருவர்க்கும் தனித்தனியே போர்நூல் இருந்ததா என்று ஐயுற்றோர் பலர். 1972-இல் யின்ச்சுவேஷான் கல்லறைகளிலிருந்து இரண்டு நூலும் ஒருசேர வெளிப்பட்டன!

அலுவலகக் கொள்கை பற்றி ஃபெங் யூலான் ஒரு நடுவழி கண்டார். பழைய அரசமைப்பு சிதைந்தபோது வேலையிழந்த கற்றோர், வீரர், கணியர் முதலியோர் மக்களிடையே வந்து தொழில் நடத்தினர். அவர்களிடமிருந்து பள்ளிகள் எழுந்தன என்றார். இதிலே உண்மை உண்டு. கன்பூசியசும் பதவி தேடி நாடு நாடாக அலைந்தவர்தாமே! ஆனால் வேலை செய்த இடம் வேறு; கேள்வி பிறந்த இடம் வேறு. அலுவலகம் எழுத்தைக் கற்றுக் கொடுத்திருக்கலாம். எதை எழுதுவது என்பதைக் கற்றுக் கொடுத்தது காலத்தின் துயர்.

பள்ளிகளின் பெயர்கள் பிற்காலத்தார் ஒட்டியவை என்ற கருத்தோ மேலும் வலுப்பெற்றிருக்கிறது. தாவோ நெறி, சட்டநெறி என்ற பிரிவுகள் சீமா தான் புதிதாக உண்டாக்கியவை என்று 2003-இல் அமெரிக்க அறிஞர் கிடர் ஸ்மித் விரிவாக எழுதினார்.

ஆக, ஹூ ஷீயின் முடிவுகள் சில வீழ்ந்தன, முறை நின்றது. அவரை வீழ்த்தியவர்கள் எடுத்த கருவியே அவர் கொடுத்த கருவிதான்!

இரு கரைக்கும் பகைவர்

அவர் வாழ்வு எளிதாக முடியவில்லை. நூலின் இரண்டாம் பகுதி எழுதி முடிக்கப்படவே இல்லை. 1938 முதல் 1942 வரை அமெரிக்காவில் தூதராக இருந்தார். 1948 இறுதியில் பீக்கிங்கை விட்டு வெளியேறினார். புதிய சீன அரசு 1954, 1955 ஆண்டுகளில் அவர் சிந்தனையை எதிர்த்து நாடு தழுவிய இயக்கம் நடத்தியது. கண்டனக் கட்டுரைகள் தொகுதி தொகுதியாக வந்தன. தைவானிலோ, அவர் துணைநின்ற ‘சுதந்திர சீனம்’ இதழின் லெய் சென் 1960-இல் சிறையிலிடப்பட்டார்.

1961 நவம்பரில் தைப்பேயில் அறிவியற் கல்வி மாநாடு ஒன்றில் ஹூ ஷீ பேசினார். கிழக்கு நாடுகளின் ஆன்மிகப் பெருமை பற்றிய பேச்சை நோக்கி அவர் வீசிய வினா நம்மையும் தொடும். பெண்களின் காலைக் கட்டி முடமாக்கும் கொடுமையை ஆயிரம் ஆண்டு பொறுத்துக்கொண்ட நாகரிகத்திலும், சாதிக் கொடுமையைப் பல்லாயிரம் ஆண்டு பொறுத்துக்கொண்ட நாகரிகத்திலும் என்ன ஆன்மிகம் இருந்தது என்று கேட்டார். முன்னது சீனம். பின்னது எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழமைவாணர் பாய்ந்து விழுந்தனர். 1962 பிப்ரவரி 24-இல், தாம் தலைவராக இருந்த ஆராய்ச்சிக் கழகத்தின் விருந்தொன்றில், இதயம் நின்று சாய்ந்தார்.

இளைஞனே! ‘இது தொன்மையானது, ஆகவே தூயது’ என்று எவரேனும் உன்னிடம் ஏடு நீட்டினால், சினம் கொள்ளாதே, சிரித்துவிட்டும் போகாதே. நான்கு கேள்விகள் கேள். இதை முதலில் சொன்னவர் யார்? நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார்? அவருக்கு முன் வாழ்ந்தோர் ஏன் சொல்லவில்லை? இப்படிச் சொன்னதால் யாருக்கு ஆதாயம்? இவற்றை உனக்குப் பிடிக்காத ஏட்டிடம் மட்டும் கேட்டால் நீ கட்சிக்காரன். உனக்குப் பிடித்த ஏட்டிடமும் கேட்டால்தான் பகுத்தறிவாளன்.